கப்பல் வருது யசோ

விம்கோ நகர்,
10-6-2024

அன்புள்ள யசோதரா அக்காவுக்கு,

அன்புக்கரசி எழுதுவது. நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டா தெரியவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன். பெரியம்மா நலமாக இருக்கிறார்களா?

சித்தப்பா மகள் சுஜாவிடம் உங்கள் நம்பர் வாங்கி மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை நீங்கள் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டீர்கள். எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, கிழித்துப் போடத்தான் முடியும், அதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும் என்று நம்பி சுஜாவிடமே விலாசமும் வாங்கிக்கொண்டேன்.

நம் அப்பாவுக்குப் பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. தண்ணீர் வேண்டும் என்றுகூடச் சொல்ல வராது. ஆனால் பாட்டு வருகிறது. பேச்சு மூளையில் ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் பக்கம் தப்பித்துவிட்டதாம்.

வருவது ஒரே ஒரு வரிதான்.

‘கப்பல் வருது யசோ, கரையில வந்து நில்லு.’

இதைப் பாடிவிட்டு நிறுத்திவிடுகிறார். என் வாயையே பார்க்கிறார். யாரோ அடுத்ததைப் பாட வேண்டும் என்பதுபோல் காத்திருக்கிறார். நான் எதைப் பாடினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அப்புறம் ஒரு வாய் சோறு உள்ளே போகாது. சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே இந்தப் பாட்டுதான். ஒரு நாளைக்கு மூன்று வேளை, நாலு மாதமாக இந்தக் கூத்து நடக்கிறது. நம் அப்பா பாதியாக இளைத்துவிட்டார். நானும்தான்.

எனக்குச் சின்ன வயதில் அவர் பாடியது ‘கப்பல் வருது அம்மு’. அம்மு நான்தான். அதில் நிறுத்தமே கிடையாது, மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்தப் பாட்டை அவரே எனக்காகக் கட்டினார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆறாம் வகுப்பு ஆண்டு விழாவில் ஒரு பெண் ‘தேரு வருது கண்ணே, தெருவில் வந்து நில்லு’ என்று பாடினாள். எங்கள் அப்பா பாட்டைத் திருடி, வார்த்தையை மாற்றிப் பாடுகிறாள் என்று டீச்சரிடம் போய்ப் புகார் சொன்னேன். அது அந்தக் காலத்துப் படப்பாட்டு என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. வருடம் முடியும்வரை என்னை ‘தேரு’ என்றே கூப்பிட்டார்கள்.

அந்தப் படப்பாட்டை இப்போது போனில் தேடிக் கேட்டேன். அடுத்த வரியில் மாலை வருகிறது, மனசு வருகிறது. அதையும் அப்பாவுக்குப் பாடிப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

அவர் காத்திருப்பது உங்கள் வரிக்குத்தான் என்று நினைக்கிறேன். அது என்ன என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும். வேறு எதற்கும் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கை என்று எழுதத் துணிவில்லாத
அன்புக்கரசி


வியாசர்பாடி,
24-6-2024

அன்புக்கரசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. யார் கடிதம் என்று அம்மா கேட்டாள். பேங்கிலிருந்து என்று பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எழுபது வயதுக்காரியிடம் என்னைப் பொய் பேச வைத்துவிட்டாய்.

எனக்கு எந்த வரியும் தெரியாது. எனக்கு ஒன்பது வயதாகும்போது அவர் போனார். இப்போது நாற்பத்துநாலு. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய பாட்டை நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. ரயில்வே டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். சில்லறை இல்லை, வண்டி எப்போ, ஏன் லேட்டு என்று நாள் பூராவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மாவின் முழங்கால் வலி.

உன் கடிதத்தில் ‘நம் அப்பா’ என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. அப்பா என்பது உங்கள் வீட்டுச் சொல். இங்கே அவர் நைனா. அதையும் விட்டுப் பல காலமாகிறது.

இனி எழுத வேண்டாம்.

யசோதரா


விம்கோ நகர்,
5-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த ஒரு சொல்லுக்காவது நன்றி சொல்ல வேண்டாமா?

உங்கள் கடிதம் வந்த அன்று தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, “நைனா, வாயத் தொற நைனா” என்றேன். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு அழ ஆரம்பித்தார். ஒரு பக்கத்து வாய்தான் அழுகிறது, இன்னொரு பக்கம் சும்மா இருக்கிறது. பார்க்க முடியவில்லை. கீழ்வீட்டு ரசூல் பீவி அக்கா ஓடி வந்து, “ஏன்டி அந்த மனுசன பேஜார் பண்ற?” என்று என்னைத் திட்டினார். யார் யாரைப் பேஜார் பண்ணுவது என்று அவரிடம் சொல்லத் தெம்பில்லை.

அதோடு விடவில்லை. அப்பாவின் பழைய இன்னிசைக் குழுவில் டிரம் வாசித்த சாலமன் மாமாவை ராயபுரத்தில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தேன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் பஸ் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தது. மனிதர் களைத்துப்போய் மாடி ஏறினார். அப்பாவைப் பார்த்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையால் தாளம் போட்டார். அப்பா உடனே அந்த வரியை எடுத்தார், நிறுத்தினார், காத்திருந்தார். சாலமன் மாமாவும் தாளத்தை அங்கேயே நிறுத்திவிட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“இந்த எடத்துல உங்கப்பன் மைக்க கீழ எறக்குவான்மா. யசோ பாப்பா ஒரு வரி பாடும். சனம் உட்ட விசில்ல பந்தலே கீய வந்துரும். அது இன்னா வரின்னு கேட்டா எனக்கு எங்க ஞாபகம் கீது? பேப்பர்ல எழுதி வெச்சதா அது? நாலு வயசுப் புள்ள வாயிலேர்ந்து தானா வந்தது” என்றார்.

அன்று பூராவும் எனக்கு உங்கள்மேல் கோபம். சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு அக்கா அக்கா என்று எழுதினால் அது நடிப்பு. அவர் எனக்கு ஒருநாளும் மைக்கை இறக்கியதில்லை. நான் பிறந்த பிறகு மேடையே ஏறவில்லை, துறைமுகத்து வின்ச் வேலை, வீடு, அவ்வளவுதான். படப்பாட்டுக்கு என் பாட்டு காப்பி என்று ஆறாம் வகுப்பில் தெரிந்துகொண்டேன், அதைத் தாங்கிக்கொண்டேன். உங்கள் பாட்டுக்கும் அது காப்பி என்று முப்பத்திரண்டு வயதில் தெரிகிறது. உங்கள் வரியை எடுத்துவிட்டு, பெயரை மாற்றி, எனக்குக் கொடுத்திருக்கிறார். நானும் அதை நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். அம்மா போய் இரண்டு வருடமாகிறது. துடைப்பது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது எல்லாம் நான். பாடுவது உங்கள் பெயர். களைப்பாக இருக்கிறது அக்கா. அந்த வரி உங்களுக்குத் தெரியாது என்பதை நான் நம்பவில்லை.

அன்புடன்,
அன்புக்கரசி


வியாசர்பாடி,
22-7-2024

அன்புக்கரசிக்கு,

இவ்வளவு கோபம் உனக்கு இருப்பது நல்லது. முதல் கடிதத்தின் பணிவை என்னால் தாங்க முடியவில்லை.

உன் பள்ளிக்கூடக் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக உன்மேல் எரிச்சலும் வந்தது. ஏனென்றால் அது என் கதை. எனக்குப் பன்னிரண்டு வயது. புளியந்தோப்பில் ஒரு கல்யாணம். மைக் செட்டில் ‘தேரு வருது கண்ணே’ ஓடியது. அதற்குமுன் நான் அதைக் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது, எங்களுக்கு ரேடியோ அவர்தான். நேராக மைக் செட்டுக்காரரிடம் போய், எங்க நைனா பாட்டை ஏன் வேற ஆள் பாடுறான் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “பாப்பா, இது படத்துப் பாட்டு. உங்க நைனாதான் சுட்டுகினு வந்து பாடிகீறான்” என்றார். பந்திக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது அவர் எங்களை விட்டுப்போய் மூன்று வருடம். நானோ எங்க நைனா, எங்க நைனா என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆக, நாம் இரண்டு பேரும் காப்பியை முதலில் கேட்டுவிட்டு அசலோடு சண்டைக்குப் போனவர்கள்தான். அந்த ஆள் வளர்த்த பிள்ளைகள் செய்யக்கூடிய தப்பு அது.

என் பெயரைப் பற்றி நீ யோசித்திருக்கிறாயா? வீட்டில் புத்தர் படம் மாட்டி, பௌத்தப் பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து எனக்கு யசோதரா என்று வைத்தது அவர். புத்தர் விட்டுவிட்டுப் போன பெண்ணின் பெயர். வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று பெரியவளான பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

அந்த வரி எனக்குத் தெரியும். மறக்கவே இல்லை. முன்பு எழுதியது பொய்.

ஆனால் தரமாட்டேன். போகும்போது அவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். ஆர்மோனியப் பெட்டி, அலாரம் கடிகாரம், அம்மாவின் சிரிப்பு. பாட்டையும் எடுத்துக்கொண்டு போய் இன்னொரு பிள்ளைக்குப் பாடியிருக்கிறார் என்று உன் முதல் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். அன்று கவுண்ட்டரில் இரண்டு பேருக்கு டிக்கெட்டைத் தப்பாக அடித்துக் கொடுத்தேன். அதே கடிதத்தில் இன்னொன்றும் தெரிந்தது. என் வரியை மட்டும் உனக்குப் பாடவில்லை. அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேண்டுமென்று விட்டாரா, மறந்து விட்டாரா, எனக்குத் தெரியாது. மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் உன் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாய்.

உன் களைப்பு எனக்குப் புரிகிறது. நானும் ஒரு முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவள்தான். ஆனால் இதை என்னிடம் கேட்காதே.

யசோதரா


விம்கோ நகர்,
9-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

சரி அக்கா. கேட்கமாட்டேன். அது உங்களுடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இது கோபத்தில் எழுதுவதில்லை.

போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, இப்படியே போனால் மூக்கில் குழாய் வைத்துத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்றார். இந்த மாதக் கடைசியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கஞ்சி கரைத்தேன். அப்பா வழக்கம்போல் வரியை எடுத்தார், நிறுத்தினார். என்னால் அன்று எதையும் பாட முடியவில்லை, அவ்வளவு அசதி. கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலு வயதுப் பிள்ளை ஒரு வரி பாட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் போயிருக்கும். அதன் பிறகுதான் என் பாட்டின் அடுத்த வரியை மெதுவாக எடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை. நாலு கரண்டி உள்ளே போயிற்று.

அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். இத்தனை நாள் அதில் எதையாவது கொண்டுபோய் அடைக்கப் பார்த்தேன், அதுதான் தப்பு. அது உங்கள் இடம். இப்போதெல்லாம் வேளைக்கு நாலு கரண்டி இறங்குகிறது. குழாய் வேண்டாம் என்று சொல்ல அது போதாது. ஆனாலும் எனக்கு ஒரு ஆறுதல்.

உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவரை மன்னியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வரியை விட்டுவிட்டு எனக்குப் பாடியவர் அவர், எனக்கும் மன்னிக்கக் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

பெரியம்மாவின் முழங்காலுக்கு ரசூல் பீவி அக்கா ஒரு தைலம் சொன்னார். கருநொச்சி போட்டுக் காய்ச்சுவது. வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன். வேண்டாமென்றால் இதுவே என் கடைசிக் கடிதமாக இருக்கட்டும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அம்மு


வியாசர்பாடி,
20-8-2024

அம்மு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பையில் வைத்துக்கொண்டே கவுண்ட்டருக்கும் வீட்டுக்கும் அலைந்தேன்.

நீங்கள் விம்கோ நகரில் இருப்பதாகச் சுஜா என்றைக்கோ சொல்லிவிட்டாள். தினமும் நாற்பது ஐம்பது பேருக்கு விம்கோ நகர் டிக்கெட் கொடுக்கிறேன். அந்தப் பெயரை அடிக்கும்போதெல்லாம் விரல் ஒரு நொடி நிற்கும். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினால் அரை மணி நேரப் பயணம். முப்பத்தைந்து வருடம் அந்த அரை மணி நேரத்தை நான் போகவில்லை, அவரும் வரவில்லை.

அவர் போன அன்று நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. கச்சேரிக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன் என்றார். “ரோட்டு மொனையில வந்து நில்லு யசோ” என்றார். பாட்டில் சொல்வதுபோலவே சொன்னார். நின்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்றேன். மூன்றாவது ஞாயிறு பொழுது சாய்ந்ததும் அம்மா வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். ஒன்பது வயதுப் பெண்ணை. தெருவே பார்த்தது.

என் வரி இதுதான்.

‘நின்னா காலு நோவுது நைனா, தூக்கிக்கினு சொல்லு.’

நாலு வயதில் மேடைமேல் கால் வலித்ததால் வந்த வார்த்தை. அவர் சிரித்து, அப்படியே என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மீதிப் பாட்டைப் பாடினார். அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும் அப்படித்தான். சாலமன் மாமாவுக்கு விசில் ஞாபகம் இருக்கிறது, தூக்கியது ஞாபகமில்லை. நான் ஏன் அந்த வரியைத் தரவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். பாடினால் அவர் தூக்க வேண்டும்.

நீ வேறு எதையும் அடைக்காமல் அந்த இடத்தைக் காலியாக விட்டாய் என்று படித்ததும் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடத்தில் எனக்காக யாரும் இடம் பிடித்து வைத்ததில்லை. அம்மா பார்த்துவிட்டாள். இந்த முறை பேங்க் கடிதம் என்று சொல்ல முடியவில்லை, எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நெடுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, “போய்ட்டு வாடி. நான் வர்ல. துன்றானா இல்லியான்னு மட்டும் வந்து சொல்லு” என்றாள். தைலத்தையும் மறக்காமல் வாங்கி வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை, 25-ஆம் தேதி காலை பத்து மணிக்கு வருகிறேன். மன்னிப்பதற்காக வரவில்லை, அதை நீ தெளிவாக வைத்துக்கொள். அதுவரை அந்த வரியை நீ பாடாதே. எழுதியது நீ தெரிந்துகொள்வதற்காக, பாடப் போவது நான்தான். கஞ்சியை மட்டும் கரைத்து வை.

உன் பாட்டில் அந்த இடத்துக்கு அடுத்து என்ன வரும் என்று மூன்று கடிதத்திலும் நீ எழுதவில்லை. அதை நான் கேட்டதே இல்லை. நான் முடித்ததும் நீ எடு.

அவரால் என்னைத் தூக்க முடியாது, என்னாலும் இப்போதெல்லாம் அதிக நேரம் நிற்க முடிவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வை.

அக்கா,
யசோ